தூரத்துக் கண்ணுக்கு ஓர் அச்சு

தெருமுனையில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்து எந்த வீட்டுக் கல்யாணம், எந்தக் கட்சிக் கூட்டம், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்பவர்கள் ஏராளம். இதை அச்சிட்டது யார் என்று கேட்பவர்கள் அரிது. கோப்பைக் கணினியில் போட்டால் மிஷின் தானாகத் துப்பிவிடும், இதில் பாராட்ட என்ன இருக்கிறது என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. ஒரே படத்தை ஒரே ரக மிஷின் உள்ள இரண்டு கடைகளில் கொடுத்து அடித்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. ஒன்றில் மாப்பிள்ளையின் முகம் உயிரோடு இருக்கும். மற்றதில் செங்கல் நிறத்தில் உறைந்து போயிருக்கும். ஒன்றில் கருப்பு ஆழமாக விழுந்திருக்கும். மற்றதில் சாம்பல் பூத்து, குறுக்கே வெள்ளை இழைகள் ஓடியிருக்கும். மிஷின் ஒன்றுதான் என்றால் இந்த வித்தியாசம் அதை ஓட்டும் ஆளிடமிருந்துதான் வர முடியும். நிறம், வேகம், மை மூன்றும் ஒன்றோடொன்று முரண்டு பிடிப்பவை. ஒன்றை உயர்த்தினால் இன்னொன்று கெடும். அவற்றுக்கிடையே எங்கே நிற்பது என்பதை, அந்தப் பேனரைப் பார்க்கப்போகிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்பதை வைத்துத் தீர்மானிப்பதே இந்தத் தொழிலின் கலை என்பது என் வாதம்.

தூரத்தின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைவிட நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியாது. கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கு, அதாவது 30 செ.மீ. தொலைவுக்கு, அந்த எல்லை ஏறக்குறைய 0.09 மி.மீ. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் 0.9 மி.மீ. பத்து மீட்டரில் கிட்டத்தட்ட 3 மி.மீ. அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் தயாரித்த கோப்பில் ஒரு புள்ளியின் அகலம் 0.35 மி.மீ.தான். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவே தேவைக்கு மேல். ஆனாலும் 300 புள்ளி இருந்தால்தான் தரம் என்று பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பத்துக்கு எட்டு அடி பேனர் ஒன்று 72 புள்ளிக் கணக்கிலேயே ஆறு கோடிக்குச் சற்றுக் குறைவான படப்புள்ளிகளைக் கேட்கிறது. 300 ஆக்கினால் அது பதினேழு மடங்குக்கு மேல் பெருகி நூறு கோடியைத் தாண்டும். கோப்பு திறக்கவே கணினி திணறும். கம்பத்தில் ஏறிய பிறகு அந்தக் கூடுதல் நுணுக்கத்தில் ஒரு துளியும் கண்ணில் படாது. அதேசமயம், மண்டப வாசலில் வைத்து ஆட்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளும் பேனர் வேறு வகை. மூன்றடி தூரத்தில் கண்ணின் எல்லை கால் மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. அங்கே கன்னத்தின் வெளிச்சப் பகுதியில் மைத்துளிகள் மணல் தூவியது போலத் தெரியும். இரண்டையும் ஒரே அமைப்பில் அடிக்கிற ஆபரேட்டருக்கு வேலை பாதிதான் தெரியும் என்பேன்.

இந்தத் துளிகள் எப்படி விழுகின்றன என்பதில்தான் வேகத்தின் கதை இருக்கிறது. கரைப்பான் கலந்த மையில் அடிக்கும் நம் ஊர் சால்வென்ட் மிஷின்களில், மையைத் துப்பும் பாகத்துக்கு ஹெட் என்று பெயர். பரவலாக இருக்கும் கோனிகா ஹெட் ஒன்றில் 512 துளைகள். இந்த வகையின் 30 பிகோ லிட்டர் ஹெட்டை எடுத்துக்கொள்வோம். லிட்டரை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோ லிட்டர். 30 பிகோ லிட்டர் துளி காற்றில் பறக்கும்போது அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.04 மி.மீ. மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பீசோ படிகம் ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் மையை நசுக்கித் துளியாக வெளியே தள்ளுகிறது. இந்த 512 துளைகளில் ஒன்றிரண்டு அடைத்திருக்கும், சில சற்றுக் கோணலாகத் துப்பும். எந்த ஹெட்டும் முழுக்க ஒழுங்காக இருப்பதில்லை. அந்தக் குறையை மறைக்கத்தான் பாஸ் என்ற ஏற்பாடு. படத்தின் ஒரே பட்டையை ஹெட் பலமுறை கடந்து, ஒவ்வொரு முறையும் வேறு துளைகளால் நிரப்புகிறது. இரண்டு பாஸில் அடித்தால் அடைத்த துளை ஒன்று, சிவப்புப் பரப்பின் குறுக்கே வெள்ளை நூலாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறு பாஸில் பக்கத்துத் துளைகள் அந்த இடத்தைப் பங்குபோட்டு நிரப்பிவிடும். விலை நேரம்தான்: பாஸ் இரட்டித்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கும் தொழிலில், விடிவதற்குள் கட்டியாக வேண்டும் என்று ஆள் வாசலில் நிற்கும்போது, நான்கு பாஸா ஆறு பாஸா என்பது சின்னக் கேள்வி இல்லை. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் முப்பதடி உயரத்தில் ஏறப்போகும் விளம்பரத்துக்கு ஆறு பாஸ் ஓட்டுவது வீண். கோயில் திருவிழாவில் சாமி படத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கப்போகிறார்கள் என்றால் மூன்று பாஸ் ஓட்டுவது அந்தப் படத்துக்குச் செய்யும் துரோகம்.

தேர்ந்த ஆபரேட்டர் டெஸ்ட் பிரிண்டில் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, பேனரின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் பார்க்கிறார். அதற்குக் காரணம் உண்டு. ஹெட் இடமிருந்து வலமாகப் போகும்போதும் துப்புகிறது, திரும்பும்போதும் துப்புகிறது. ஃப்ளெக்ஸ் துணியிலிருந்து 2 மி.மீ. உயரத்தில் ஹெட் இருக்கிறது, துளி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, ஹெட் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், துளி கீழே சேர்வதற்குள் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போய் விழும். திரும்பும் ஓட்டத்தில் அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டும் சேர்ந்து 0.6 மி.மீ.க்கு மேல் விலகல். இதைச் சரிக்கட்டாமல் விட்டால் செங்குத்தான கோடுகள் உடையும். ‘ப’வின் இரண்டு கால்களும், ‘ட’வின் முதுகும், துணைக்காலும் ரம்பப் பல் போல ஓரம் கிழியும், மெய்யெழுத்தின் புள்ளி இரட்டைப் புள்ளியாகத் தெரியும். துணி நகரும் அளவு பிசகினால் கோளாறு வேறு திசையில் வரும். நகர்வு அதிகமானால் படுக்கைவாட்டில் வெள்ளைக் கோடு, குறைந்தால் மை மேல் மை விழுந்து கருங்கோடு. ஆக, செங்குத்துக் கோட்டில் பிழை என்றால் ஓட்டத்தில் பிழை, படுக்கைக் கோட்டில் பிழை என்றால் நகர்வில் பிழை. கைபேசி எண் வரி ஒன்றைப் பார்த்தே நோயைப் பிரித்துச் சொல்லிவிடலாம். இந்த வாசிப்பு, பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் வருகிறது.

மையைப் பற்றிய தவறான எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதிகம் ஊற்றினால் நிறம் அதிகம் என்று தோன்றும். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளும் முழுமையாக விழுந்தால் மொத்தம் 400 சதவீதம். சால்வென்ட் அச்சில் அதை அப்படியே விட்டால் பேனர் காயாது. இந்த மை தாளில் ஊறுவது போல ஊறுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் பி.வி.சி. பரப்பை லேசாக இளக்குகிறது. நிறமி அதில் பதிகிறது. கரைப்பான் ஆவியாகிப் போகிறது. ஆவியாகும் வேகத்தைவிட மை வரத்து அதிகமானால் ஓரங்கள் கசியும், சுருட்டிய ரோலின் முதுகில் முகம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்து ஹீட்டரைக் கூட்டினால் துணி சுருங்கி அலையாக எழும்பி ஹெட்டில் உரசும். ஹெட்டுக்கு நேரும் அந்த உரசலின் செலவு, அன்றைய வருமானத்தை விழுங்கிவிடக் கூடியது. அதனால் மொத்த மைக்கு வரம்பு கட்டுகிறார்கள். நல்ல கருப்புக்குக் கருப்பு மையை மட்டும் நம்பாமல் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று கலந்தாலும் கூட்டுத்தொகை 240தான். காயவும் செய்யும், ஆழமும் கிடைக்கும். ஆனால் பின்னால் விளக்கு எரியும் பலகைக்கு இதே அளவு போதாது. ஒளி மையை ஊடுருவி வருவதால் நிறம் வெளிறிவிடும்; அங்கே வேகத்தைக் குறைத்து, காய நேரம் கொடுத்து, மையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். எங்கே அடக்குவது, எங்கே அவிழ்ப்பது என்பதையும் பார்வையாளரின் இடமும் வெளிச்சமுமே சொல்கின்றன.

நிறத்துக்கு வந்தால், கணினித் திரை கொடுக்கும் வாக்குறுதி எல்லாவற்றையும் மையால் காப்பாற்ற முடியாது. திரையின் பளீர் பச்சையும் மின்னும் நீலமும் நான்கு மையின் எல்லைக்குள் வராது. சயானும் மெஜந்தாவும் சரிபாதியாகச் சேர்ந்தால் நீலம் ஊதாவாகிவிடும். மெஜந்தாவை முப்பது சதவீதமாவது தணித்தால்தான் நீலம் நீலமாக நிற்கும். கட்சிக் கொடியின் நீலம் ஊதாவாக வந்தால் பேனர் திரும்பி வரும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விடக் கடினம் நம்முடைய தோல் நிறம். மாநிறத்தில் மஞ்சள், மெஜந்தாவுக்குச் சற்று முன்னே நிற்க வேண்டும். சயான் பின்னணியில் இருந்து கருமையைத் தாங்க வேண்டும். சயான் கொஞ்சம் கூடினால் முகம் பச்சை பாயும், மெஜந்தா கூடினால் செங்கல். இந்தக் கஷ்டத்துக்குக் குறுக்குவழியாக எல்லா முகத்தையும் வெளுத்து ரோஸ் ஆக்கிவிடும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. வாடிக்கையாளர் ‘கலராக’ கேட்கிறார் என்பது அதற்குச் சொல்லும் காரணம். அதை ஏற்க எனக்கு மனமில்லை. கருத்த முகத்தை அதன் கருமையோடும் மினுமினுப்போடும், நெற்றி வெளிச்சம் கெடாமல் கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் உச்சம். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

இதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் வேலைதானே, நிற அளவீட்டுக் கோப்பு ஒன்றை ஏற்றினால் போதாதா என்று ஒரு மறுப்பு வரும். அந்தக் கோப்பு அவசியம் என்பதில் சந்தேகமில்லை. கருவியால் அளக்காமல் கண்ணை மட்டும் நம்புவது ஆணவம். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட மை, துணி, பாஸ், சூடு ஆகியவற்றுக்காக எடுத்த அளவு. அடுத்த ரோல் வேறு ஆலையிலிருந்து வந்து, அதன் வெள்ளை சற்று நீலம் பாரித்திருந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். அறையின் சூடு ஏறினால் மை இளகி, அதே மின்னழுத்தத்தில் துளி பருக்கிறது. காலையில் அடித்த பாதியும் மதியம் அடித்த பாதியும் ஒன்றாகத் தைக்கும்போது நிறம் பிரிந்து தெரிவது இதனால்தான். பத்தடி அகல மிஷினில் இருபதடி விளம்பரத்தை இரண்டு துண்டாக அடிக்கும்போது, அனுபவசாலி இரண்டாவது துண்டைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பார். அப்போது ஒட்டுச் சேரும் இரண்டு ஓரங்களும் மிஷினின் ஒரே பக்கத்தில் அச்சானவையாக இருக்கும். இடது வலது வித்தியாசம் ஒட்டில் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேனர் எங்கே ஏறப்போகிறது என்பது எந்தக் கோப்புக்கும் தெரியாது.

கையால் பேனர் எழுதிய ஓவியர்களின் வாழ்க்கையை ஃப்ளெக்ஸ் விழுங்கிவிட்டதே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உண்மை. சென்னையின் சினிமா பேனர்களும் கட்அவுட்களும் கொடுத்த அனுபவத்துக்கு ஈடு எதுவும் வரவில்லை. அந்த இழப்பை நியாயப்படுத்த நான் முனையவில்லை. ஆனால் அவர்களுடைய அறிவின் மையம் என்ன? கட்டம் போட்டுப் பெருக்கிய முகத்தில், அருகே பார்த்தால் பொருந்தாத பச்சையும் நீலமும் ரோஸும் தனித்தனித் திட்டுகளாக இருக்கும். சாலையிலிருந்து பார்த்தால் அவை கூடி ஒரு முகமாகும். தூரத்துக் கண்ணுக்காக வேலை செய்வது என்ற அந்த அறிவு இன்னும் செத்துவிடவில்லை. தூரிகையில் இருந்தது துளியில் தொடர முடியும்; தொடர்கிறதா என்பதை வைத்தே ஒரு அச்சுக் கடையை நான் மதிப்பேன்.

சூழலைப் பற்றிய மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பி.வி.சி. பூசிய இந்தத் துணி மக்காது, மறுசுழற்சியும் எளிதல்ல. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். எவ்வளவு நல்ல அச்சாக இருந்தாலும் அனுமதியில்லாமல் சாலையில் கட்டும் உரிமை அதற்குக் கிடையாது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லேடெக்ஸ் மையை எச்.பி. நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்தியது. பி.வி.சி. பூசாத துணியிலும் தாளிலும் அச்சிடும் வழிகள் இருக்கின்றன; செலவு கூடுதலானாலும் அந்தப் பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். அங்கே போனாலும் இந்தத் திறமை வேண்டாததாகிவிடாது. லேடெக்ஸ் மைக்கும் வரம்பு உண்டு, பாஸ் உண்டு, சூடு உண்டு. முதல் அச்சிலேயே சரியாக அடிக்கத் தெரிந்தவர் குப்பைக்கு அனுப்பும் துணியும் குறைவு.

எனவே பேனரோ கடைப் பலகையோ அடிக்கக் கொடுக்கும்போது, நீள அகலத்தோடு சேர்த்து இரண்டு விஷயங்களையும் சொல்லுங்கள்: எங்கே, எவ்வளவு உயரத்தில் வைக்கப்போகிறீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள். முகம் இருக்கும் இடத்தில் ஒரு அடிக்கு டெஸ்ட் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துப் பார்க்காமல் கடைச் சுவரில் மாட்டி, தள்ளி நின்று பாருங்கள். அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்கும் ஆபரேட்டருக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள்.