கரை கேட்கும் படகு

கடலூர் தேவனாம்பட்டினம் கரைக்குக் காலை எட்டு மணி வாக்கில் போனால் படகுகள் மணலேறிவிட்டிருக்கும். ஒரு பக்கம் வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள், இன்னொரு பக்கம் ஏலம் கூவும் குரல் கேட்கும். எனக்கோ கண் படகுகளின் அடிவயிற்றுக்குப் போகும். மணலில் ஒருக்களித்துக் கிடக்கும்போதுதான் படகு தன் முழு உடம்பையும் காட்டும். மிதக்கும்போது பாதியை ஒளித்துக்கொள்ளும்.

பல வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு படகின் முன்முனையான அணியத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன தம்பி, மாடு புடிக்க வந்தவன் மாதிரி தடவிப் பாக்குற?” என்றார். எழுந்து வந்து, மடியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று இறுக்கமாக வந்த ஒலி, எஞ்சின் மாட்டும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால் பொத்தென்று அமுங்கியது. “கேட்டியா? இங்க தோல் பிரிஞ்சிருக்கு. கையால பாத்தா தெரியாது, காதால பாக்கணும்.” வெளியே அந்த இடம் கண்ணாடி போலப் பளபளத்தது. இப்போதும் கரைக்குப் போனால் சட்டைப்பையில் காசு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

கடலில் மீன் பிடிக்கப் படகு வாங்க நினைக்கிறவர்கள் சிலர் என்னிடம் ஃபைபரா, அலுமினியமா என்று கேட்பதுண்டு. அலை, காற்று, எத்தனை கடல் மைல் போக வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கரை எப்படி? மணலா, பாறையா, சேறா, துறைமுகச் சுவரா? நடுக்கடலில் இரண்டு படகும் நன்றாகவே ஓடும். கரையைத் தொடும் நிமிஷத்தில்தான் இது வேறு, அது வேறு என்று ஆகிறது.

ஃபைபர் படகு பிறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது வெளியிலிருந்து உள்ளே வளரும். அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து மினுக்குவார்கள். அதன்மேல் முதலில் பூசுவது ஜெல் கோட். நாளைக்குக் கடலைத் தொடப்போகிற கடைசித் தோல் முதல் நாளே உருவாகிவிடுகிறது. அது இறுகியதும் கண்ணாடி இழைப் பாயை, அதாவது மேட்டை, விரித்து, ரெசினைத் தூரிகையால் ஊட்டுவார்கள். வெள்ளைவெளேரென்று கிடக்கும் மேட் ரெசின் ஏற ஏறக் கண்ணெதிரே நிறமிழந்து, ஈரத் துணி போலத் தெளிந்து, கீழிருக்கும் வண்ணத்தைக் காட்டும். எங்காவது வெள்ளை மிஞ்சினால் அங்கே இழை பட்டினி கிடக்கிறது என்று பொருள். பிறகு பள்ளம் பள்ளமாக வரி வைத்த ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழிகளை விரட்டுவார்கள். அடுத்து நெய்த இழை, மறுபடி மேட், மறுபடி நெய்த இழை. ரெசினை இறுகவைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட்டின் அளவை வெயில் தீர்மானிக்கிறது. சித்திரை மாதத்து மதியத்தில் கலந்தால் வாளியிலேயே கெட்டியாகிப் புகையும். அதனால் நல்ல வேலைக்காரர்கள் விடியற்காலையில் தொடங்குவார்கள். மழை ஈரத்தில் மேட்டைத் தொடவே மாட்டார்கள். ரெசின் கூடினால் படகு கனத்து நொறுங்கும், குறைந்தால் தண்ணீர் குடிக்கும். இந்த நிதானம் கைக்கு வர வருஷங்கள் ஆகும். ஒரு படகை யார் போட்டது என்பதை அதன் உட்புறத்தைப் பார்த்தே சொல்லிவிடும் ஆட்கள் கடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள்.

இந்த முறையின் பெரிய கொடை வளைவு. அச்சு எப்படி வளைகிறதோ அப்படியே இழையும் வளையும். அணியத்தில் வெளிப்பக்கமாக மலர்ந்து, அலை தெறிக்கும் நீரை அப்பால் தள்ளிவிடும் அந்த விரிவு, அடியில் கூர்மையாகத் தொடங்கிப் பின்னால் போகப்போகத் தணியும் அந்த இறக்கம், இரண்டும் ஒன்றோடொன்று எங்கே சேர்ந்தன என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவ் நகருக்கு நடந்த விசைப்படகுப் பந்தயத்தில், ரே ஹன்ட் வடிவமைத்த ‘மாப்பி’ என்ற படகு கொந்தளித்த கடலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது. பின்முனை வரைக்கும் ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகம் அதற்கு. பந்தயத்தில் ஓடியது மரப் படகு. அந்த வடிவம் உலகெங்கும் பரவியதோ 31 அடி பெர்ட்ராம் ஃபைபர் படகாகத்தான். ஒருமுறை அச்சு சரியாக அமைந்துவிட்டால், மேதை ஒருவர் கண்ட வளைவு நூறாவது படகிலும் பிசகாமல் வரும்.

அலுமினியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. பனையோலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சுருட்டலாம், கூம்பாக்கலாம், கிண்ணமாக்க முடியாது. அலுமினியத் தகடும் அப்படித்தான், ஒரு திசையில் மட்டும் இணங்கும். அதனால் அந்தப் படகுகளில் பக்கமும் அடியும் சேரும் இடத்தில் தெளிவான மடிப்பு விழும். முதலில் எனக்கு அது முரடாகப் பட்டது. பார்க்கப் பார்க்க, எந்தத் தகடு எங்கே முடிகிறது, எந்தச் சுமை எந்தச் சட்டத்தில் இறங்குகிறது என்று எதையும் மறைக்காமல் சொல்லும் அந்த நேர்மை பிடித்துப்போயிற்று.

வெல்டிங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் உருக இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். படலத்தைத் துடைத்து, ஆர்கான் வாயுவால் மூடி, அது மறுபடி படியும் முன் இணைத்துவிட வேண்டும். இரும்பு உருகுமுன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது, ஒரு கணம் திடமாக இருக்கும், மறுகணம் பாதரசம் போல மினுங்கிச் சரியும். அந்த மினுக்கத்தை மட்டும் நம்பிக் கையை நகர்த்துகிறவர் விட்டுச்செல்லும் தழும்பு, காசுகளைச் சரித்து அடுக்கியது போல ஒரே சீராக இருக்கும். நகை வேலையைப் பார்ப்பது போல அதைக் குனிந்து பார்ப்பேன்.

அலுமினியத்தின் கரை எது? அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடா. ஜூன், ஜூலையில் சாக்கை சால்மன் மீன் ஆறுகளை நோக்கித் திரண்டு வரும் இடம். அங்கே 1951 வரை எஞ்சின் வைத்து மீன் பிடிக்கத் தடை இருந்தது, பாய்மரப் படகுகள்தான் ஓடின. எஞ்சின் வந்த பிறகும் செவுள்வலைப் படகு 32 அடிக்கு மேல் நீளக் கூடாது என்ற விதி நிற்கிறது. நீளத்துக்கு வேலி போட்டால் மனிதன் அகலத்தில் வளர்வான். படகுகள் பருத்துக்கொண்டே வந்து, இன்று சில நீளத்தில் பாதி அகலம் இருக்கின்றன. ஓதம் சுமார் 20 அடி ஏறி இறங்கும். இறங்கினால் படகு சேற்றுத் திட்டில் உட்கார்ந்துவிடும். நெரிசலில் ஒன்றையொன்று முட்டும். அங்கே ஃபைபரும் உண்டு, ஆனால் அலுமினியத்துக்கு அந்த இடம் தாய்வீடு. முட்டினால் நசுங்கும், பிளக்காது. எடை குறைவாதலால் ஆழமில்லாத நீரிலும் நுழையும். அடுத்த வருஷம் மீன் தொட்டி பெரிதாக வேண்டுமா, வெட்டித் திறந்து தகடு சேர்த்து ஒட்டிக்கொள்ளலாம்.

சரி, அதை நம் கரைக்குக் கொண்டுவந்தால்? கோரமண்டல் கரையில் பெரும்பாலான இடங்களில் ஒதுங்கத் துறைமுகம் இல்லை. அலை உடையும் வரிசையைத் தாண்டி வந்து மணலில் மோதி ஏற வேண்டும். இதற்காகவே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கக் கடல் திட்டம் 1980களில் கரையேறும் படகுகளைச் சோதித்தது. மணலில் மோதும் முன் டீசல் எஞ்சினையும் உந்தியையும் சேர்த்துத் தூக்கிவிடும் அமைப்பு அவர்களுடையது. அப்படி வந்து மோதும் படகு என்றைக்காவது காயப்படும். காயப்பட்ட இடத்தை அந்த மணலிலேயே ஆற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. ஃபைபருக்கு முடியும். தேய்த்து, உலர்த்தி, மேட்டும் ரெசினும் வைத்தால் சாயங்காலம் தொடலாம், மறுநாள் கடலுக்குப் போகலாம். அலுமினியத்துக்குக் கப்பல் தரத் தகடு வேண்டும், ஆர்கான் சிலிண்டர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று ஓய வேண்டும். கொண்டல் காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி வீசும் வெட்டவெளியில் ஆர்கான் போர்வை ஒரு நொடி தங்காது. இணைப்பு முழுக்கத் துளைத்துளையாகப் போகும். போதாததற்கு, உப்புநீர் தேங்கும் அடித்தளத்தில் செப்புக் கம்பித் துண்டு ஒன்று விழுந்து கிடந்தால்கூட, அது கிடக்கும் இடத்தில் அலுமினியத்தை அரித்துத் துளைத்துவிடும். அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் செம்புச் சாயமும் அதற்கு ஆகாது.

நம் கரை ஃபைபரைக் கேட்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லா ஃபைபரையும் அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கட்டுமரம் இழந்தவர்களுக்கு உதவியாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் போட்டவை பல. இழை பட்டினி கிடந்த படகுகளை அன்று நானே தட்டிப் பார்த்திருக்கிறேன். சில, பூசணிக்காயைத் தட்டியது போல ஒலித்தன. கடலுக்குப் போகிறவனுக்கு அப்படி ஒன்றைக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது நல்ல படகுக்கும் உண்டு. கட்டுமரம் பழுதானால் அவிழ்த்து, மக்கிய கட்டையை மாற்றிக் கட்டினார்கள். கழித்த கட்டை அடுப்புக்குப் போயிற்று. அலுமினியம் கிழடானால் உருக்கி விற்கலாம். ஃபைபர் செத்தால் எங்கும் போவதில்லை. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் அப்படி நான்கைந்து கிடக்கின்றன. ஜெல் கோட் தேய்ந்து இழை நரைமுடி போல வெளியே நிற்கிறது. போன மாதம் பார்த்தபோது, அதில் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன் நிழலில் வலைமூட்டையைச் சார்த்திக்கொண்டு இரண்டு பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பாமல் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். அடி நடுவில் ஓடும் ஏராவிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒலி, டக் டக்கென்று, எங்கும் பிரியவில்லை.