மின்னொளி கபடியில் மந்தத்தைப் பார்ப்பது எப்படி?

தொழில் மந்தமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆளாளுக்கு தொலைக்காட்சி விவாதத்தின் முன்னால் உட்கார்கிறார்கள். திருப்பூரைச் சுற்றி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறார்கள். எனக்கு இது தீராத வருத்தம். அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், ஆண்கள் ஜட்டி விற்பனை குறைவதை வைத்து மந்தத்தைக் கணிப்பார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை வாய் ஓயாமல் சொல்கிறவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அதே ஜட்டியைத் தைக்கிறவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் திடலை மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆட்டமே தெரியாது என்பவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்கு ஏழு பேர். ஒருவர் பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குப் போய், 30 நொடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரே ரெய்டில் மூன்று பாயின்ட்டோ அதற்கு மேலோ எடுத்தால் சூப்பர் ரெய்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ஆளைப் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள். மீதி இரண்டாவது ஆட்டத்தில் தானாகப் புரிந்துவிடும். 2014இல் ப்ரோ கபடி வந்த பிறகு விதிகள் பலருக்கும் தெரிந்திருக்கின்றன. ஆனால் அதோடு நின்றுவிடுகிறவர்கள் கபடியில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். டிவியில் விளம்பரதாரர் என்பது சட்டையில் ஒரு சின்னம். இங்கே அவர் மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பணம் கொடுக்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்கலாம்.

திடலில் எதையெல்லாம் பார்ப்பது? முதலில் போட்டி நோட்டீஸ். எந்தப் பரிசு யார் உபயம் என்று படியுங்கள். வழக்கமாக முதல் பரிசை ஒற்றை ஆளாகத் தந்த சாயப்பட்டறைக்காரரின் பெயர் இப்போது இன்னும் இருவரோடு சேர்ந்து வந்திருக்கிறதா? நூல் வியாபாரி இருந்த இடத்தில் நகைக்கடன் கடை வந்திருக்கிறதா? பணமாகக் கொடுத்தவர் பனியனாகக் கொடுக்கிறாரா? ஆர்டர் ரத்தாகி நின்றுபோன சட்டைக்கு, மிச்சச் சரக்குச் சந்தையான காதர்பேட்டையில் ஒரு விலை கிடைக்கும் வரை அதை யாரும் சும்மா தர மாட்டார்கள். எல்லா அணியும் நல்ல ஏற்றுமதித் துணியில், ஒரே நிறத்தில் களமிறங்கினால் எங்கோ ஒரு குடோன் நிரம்பி வழிகிறது என்று பொருள்.

ஃப்ளெக்ஸ் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது மேம்போக்கான வேலை. தேர்தல் வந்தால் ஃப்ளெக்ஸ் கூடும், முடிந்தால் குறையும். தொழிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது மைக். ஆட்டத்துக்கு நடுவே அன்பளிப்பு அறிவிப்பார்கள்: இந்த ரெய்டில் இரண்டு பாயின்ட் எடுத்தால் 500 ரூபாய். கை இறுகும்போது இந்த 500 குறையாது, குறைத்தால் ஊர் பேசும். அதற்குப் பதிலாக நிபந்தனை ஏறும். இரண்டு பாயின்ட்டுக்கு என்றிருந்தது சூப்பர் ரெய்டு எடுத்தால் என்று மாறும், அல்லது சூப்பர் டேக்கிள் பிடித்தால் என்று மாறும். தொகை அதேதான், ஆனால் கொடுக்க வேண்டிய வாய்ப்பு மிகக் குறைவு. மானமும் போகவில்லை, பணமும் போகவில்லை. கபடி தெரிந்தவருக்குத்தான் இது பிடிபடும். ஆட்டத்தை ரசிக்கத் தெரியாமல் பொருளாதாரத்தை மட்டும் படிக்க வருகிறேன் என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கெஸ்ட் ஆட்டக்காரர்களையும் கவனியுங்கள். காசு புழங்கும்போது ஒவ்வொரு அணியும் வெளியூரிலிருந்து இரண்டு மூன்று பேரைச் சம்பளம் பேசிக் கூட்டிவரும். இல்லாதபோது உள்ளூர்ப் பையன்களே ஆடுவார்கள். ஆட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் திடலில் சத்தம் இரண்டு மடங்கு.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மந்தத்தில் இரண்டு உண்டு: வேலை இல்லாத மந்தம், பணம் இல்லாத மந்தம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் திடலை மட்டுமல்ல, தொழிலையே தவறாகப் படிக்கிறார்கள். நிறைந்த கூட்டத்தைப் படமெடுத்து, ‘மந்தம் என்கிறார்களே, எங்கே?’ என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. கூட்டம் நிறைவது பல நேரம் மந்தத்தின் அடையாளம்தான்.

பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு வழக்கம். காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குவார்கள். ஆர்டர் இருக்கும் காலத்தில் திடல் ஒன்பது மணிக்கு மேல்தான் நிரம்பும். வருகிறவர்கள் தோளில் பஞ்சுத் தூசியோடு, சாப்பிடாமல் நேராக வருவார்கள். ஆர்டர் குறைந்தால் ஒரு ஷிப்ட்தான், மாலை ஐந்தரைக்கே விட்டுவிடுவார்கள். அப்போது ஆறரைக்கெல்லாம் கேலரி நிறைந்திருக்கும். முதல் சுற்றில் ஆடும் பெயர் தெரியாத அணிகளுக்குக்கூடக் கைதட்டல் கிடைக்கும். பார்க்க எவ்வளவு கலகலப்பு! ஆனால் எத்தனை பேர் என்பதைவிட எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதுதான் கேள்வி.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி பின்னி என்ன பயன், சாயம் போட ஆள் இல்லை. அது வேலை இல்லாத மந்தம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதே, அந்த அடியும் ஆர்டர் மேல் விழுந்த அடிதான். இப்படிப்பட்ட காலத்தில் கூட்டம் சீக்கிரம் வரும், வெகுநேரம் இருக்கும், வாங்காது. திடலோரக் காளான் கடையில் ஒரு தட்டுக்கு மூன்று பேர் நிற்பார்கள். வீட்டுக்குப் பார்சல் கட்டச் சொல்கிறவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

2016 நவம்பர் 8 இரவு நடந்தது வேறு ரகம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வேலை ஒரே நாளில் நின்றுவிடவில்லை, சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்கக் காசுதான் இல்லை. அந்த மாதிரி நாளில் கூட்டம் வழக்கம்போல் ஒன்பதுக்குத்தான் வரும். காளான் கடையில் கடன் நோட்டு திறக்கும். நன்கொடையாளர் அப்போது வந்த புது 2000 ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லாமல் அது மறுபடி அவர் பைக்கே போய்விடும். கடன் சொல்கிற இடத்தில் நம்பிக்கை இருக்கிறது, அடுத்த வாரம் சம்பளம் வரும் என்று கடைக்காரருக்கும் தெரியும். வேலை இல்லாத மந்தத்தில் அவர் கடனே கொடுக்க மாட்டார். எனவே ஒரு காளான் கடையில் கடன் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். பொருளாதாரம் படித்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூன்றாவதாக ஒரு கலப்பும் உண்டு. 2022இன் முதல் பாதியில் நூல் விலை ஏறிக்கொண்டே போனது. கையில் இருந்த ஆர்டரை முடித்தாக வேண்டும், ஆனால் லாபம் நூலிலேயே போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் நோட்டீஸில் முதலாளிகள் பெயர் குறையும், கடையில் தொழிலாளிகள் கூட்டம் குறையாது. இதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் உட்காரும் பக்கம் காலியாக இருந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள். தீபாவளி, சத் பூஜை, ஹோலி சமயத்தில் அவர்கள் ஊருக்குப் போவது வழக்கம். பண்டிகை முடிந்து ஒரு மாதமாகியும் அந்தப் பக்கம் நிரம்பவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன். இதையெல்லாம் கவனிக்கத் தொடங்கிய பிறகு எனக்குக் கபடி இன்னும் பிடித்துப்போனது. கை வறண்டிருக்கும் வருஷத்திலும் மின்னொளிக்கு ஜெனரேட்டர் வாடகை எப்படியாவது சேர்ந்துவிடுகிறது. நோம்பி (ஊர்த் திருவிழா) நின்றாலும் நிற்கும், போட்டி நிற்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய் வசூலிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். பண்டிதர்களின் கணிப்பில் இவர்களுக்கு இடமே இல்லை, அந்தக் கணிப்புகள் மேல் எனக்கு மதிப்பு வராததற்குக் காரணமும் அதுதான்.

அடுத்த நோட்டீஸைப் பார்த்ததும் ஒரு சனிக்கிழமை வாருங்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், மாலை ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். நுழைவுச் சீட்டெல்லாம் கிடையாது. கையில் ஒரு 500 ரூபாய் இருந்தால் மைக் பிடிப்பவரிடம் கொடுத்து, இரண்டு பாயின்ட் ரெய்டுக்கு என்று சொல்லுங்கள்.