ஏரிக்கு யார் வாய்?

வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலின் தலபுராணம் எமனைப் பற்றியது. மார்க்கண்டேயன் விவகாரத்தில் பறிபோன தண்டத்தை எமன் இங்கே வழிபட்டுத் திரும்பப் பெற்றானாம். தண்டம் என்றால் கோல், தண்டனையும் அதுதான். தர்மசாஸ்திர மரபில் அரசனின் நீதி அந்தக் கோலை ஊன்றித்தான் நிற்கிறது. இன்றைய சட்டத்திலும் கோயிலில் இருக்கும் சாமி ஓர் 'ஆள்'. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். 1925இல் பிரிவி கவுன்சிலே ஒரு குலதெய்வத்துக்காகத் தனியே ஒருவர் வாதாட வேண்டும் என்றது. அதே ஊரின் ஏரிக்கு இந்தத் தகுதி கிடையாது. பதிவேட்டில் அது புறம்போக்கு.

நதிக்கும் ஆள் தகுதி கொடுக்கலாமே என்று சூழலியல் நண்பர்கள் இப்போது உற்சாகமாகப் பேசுகிறார்கள். 2017 மார்ச்சில் நியூசிலாந்து வாங்கனூயி ஆற்றைச் சட்டப்படியான ஆள் என்றது. அதே மாதம் உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் கங்கை, யமுனையை அப்படி அறிவித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது. வாங்கனூயி, மாவோரி மக்கள் 1870களிலிருந்து மனுப்போட்டு, போராடிப் பெற்ற உடன்பாடு. ஆற்றுக்காகப் பேசும் இரண்டு பேரில் ஒருவர் அரசின் ஆள், மற்றவர் ஆற்றோரப் பழங்குடிகளின் ஆள். உத்தரகாண்டிலோ கோயில் விக்கிரகத்தின் சட்டத்தகுதி முன்மாதிரியாயிற்று. காப்பாளர்களாகத் தலைமைச் செயலாளரும் அட்வகேட் ஜெனரலும் வந்து உட்கார்ந்தார்கள். சொல் ஒன்றுதான், வாய் வேறு.

2022 ஏப்ரலில் நம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் இயற்கை அன்னையை உயிருள்ள ஆள் என்றது. வழக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: மேகமலையில் அரசு நிலத்துக்குப் பட்டா கொடுத்துத் தண்டிக்கப்பட்ட ஒரு வருவாய்த்துறை அலுவலரின் பணி விவகாரம்! பட்டா போட்டது அரசு அலுவலர், இனி தாயைக் காக்கவேண்டியதும் அரசு. கோல் கைமாறவே இல்லை.

அப்படியானால் நம்முடைய 'புறம்போக்கே' போதும், அது தமிழ்ப் பொதுமை என்று இன்னொரு தரப்பு. வரிக்குப் புறம்பான நிலம், எல்லாருக்குமானது, வெள்ளைக்காரன்தான் அதை வசைச்சொல்லாக்கினான் என்பது அவர்கள் கதையாடல். இதையும் கொஞ்சம் கீறிப் பார்க்கவேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (வேளச்சேரியும் அதில்தான் இருந்தது) கிராமத்துத் தரிசின் மேலும் மிராசுதார்கள் முன்னுரிமை கோரினார்கள். பறையர்கள் விண்ணப்பித்தால் மறித்தார்கள். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு இதைத்தான் சொல்கிறது. அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1994இல் அதே மாவட்டத்தில் காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஊர்ப் பொது என்றபோது சேரி அந்த ஊருக்குள் இருந்ததா? மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் விட்டார்கள் என்பது உரிமை ஆகிவிடாது.

இனி ஏரிக்கே வருவோம். அதன் நிலத்தை வீட்டுவசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் எடுத்துக் கொடுத்தது அரசுதான். ஆனால் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல் கரையிலிருக்கும் குடிசைக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நீர்நிலையைக் காக்கிறோம் என்று அடையாறு, கூவம் கரைகளிலிருந்து கிளப்பியவர்களைக் கொண்டுபோய் விட்டது எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்தில்.

ஏரியை ஆளாக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். அந்த இரண்டாவது நாற்காலியைப் பற்றித்தான் கேட்கிறேன். வாங்கனூயியில் அதற்கு ஆற்றோரத்து இனக்குழு இருந்தது. இங்கே நாளைக்கே சட்டம் வந்தால் "ஏரிக்காக நாங்க பேசறோம்" என்று முதலில் வந்து நிற்கப்போவது அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கம். வக்கீல் வைக்க அவர்களிடம் காசு இருக்கிறது. கரையில் இருக்கிறவருக்கு நோட்டீஸ்தான் வரும்.