தோராயமான துயரம்

1991 பிப்ரவரி, சவூதியின் தஹ்ரான். பத்தில் ஒரு நொடியை பைனரியில் முழுசாக எழுத முடியாது. பேட்ரியாட் ஏவுகணை மென்பொருள் வெட்டிவிட்ட மிச்சம் 100 மணி நேரத்தில் 0.34 நொடியாகச் சேர்ந்தது. வந்த ஸ்கட்டைத் தடுக்க முடியவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள்.

நிரலில் பிசகினால் என்றாவது மாட்டிக்கொள்வோம். விமர்சனத்தில் பிசகினால் லைக்தான் விழும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பற்றி ‘மானுடத் துயரின் ஆவணம்’ என்று ஒருமுறை எழுதினேன். எந்த நாவலுக்கும் ஒட்டக்கூடிய ஸ்டிக்கர் அது. அவரோ அடிகுழாயை, குடத்தை, தோண்டிப்போட்ட தெருவைத்தான் காட்டுகிறார். துயரம் தானாக வந்து சேர்கிறது. அந்தத் தெருவில் தண்ணீருக்கு அலையும் ஜமுனாவை என் பெரிய வார்த்தை மறைத்துவிட்டது. வெட்டிவிட்ட மிச்சம் அவள்தான்.