திருமலைபுரக் குடைவரையும் குற்றாலச் சித்திர சபையும்: நிழற்படச் சான்று பற்றிய ஒரு திறனாய்வு

தமிழகத்து ஓவிய வரலாற்றை ஆராய்வோருட் பெரும்பாலோர் ஓவியத்தை நேரிற் கண்டு எழுதுவதிலும் நிழற்படத்தைக் கண்டு எழுதுவதே மிகுதி. ஓவியங்கள் தொலைவிலுள்ள குன்றுகளிலும் இருள் சூழ்ந்த மண்டபங்களிலும் இருத்தலின் இது தவிர்க்கவொண்ணாத நிலையே. ஆயினும், நிழற்படம் எத்தகைய சான்று, அதனை எவ்வளவு நம்பலாம் என்னும் வினாக்கள் நம்மிடையே போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஏட்டுச்சுவடியை ஆராயும்பொழுது நாம் மேற்கொள்ளும் விழிப்பு, நிழற்படத்தைக் கையாளும்பொழுது தளர்ந்துவிடுகின்றது. நிழற்படம் ஓவியமன்று, ஓவியத்தின் ஒரு பாடமே. இக்கருத்தைத் தென்காசி மாவட்டத்து இரண்டு இடங்களை முன்னிறுத்தி ஈண்டு நிறுவ முயல்கின்றோம்.

அவ்விரண்டனுள் முதலாவது, கடையநல்லூரை அடுத்த திருமலைபுரத்துக் குடைவரைக் கோயில். பாண்டியர் காலத்ததாகிய இக்கோயிலின் விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலும் பழைய வண்ண ஓவியங்களின் சிதைவுகள் உள்ளன. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். பின்னர் சி. சிவராமமூர்த்தி, 1968-இல் வெளிவந்த தம் தென்னிந்திய ஓவிய நூலில் இவற்றை ஆராய்ந்தார். தாமரையும் கொடிக்கருக்கும் கணங்களும் மாந்தர் உருவங்களும் ஆங்காங்கே எஞ்சி நிற்கின்றன. இரண்டாவது, குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்று அப்பால் அமைந்த சித்திர சபை. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இங்கு, இறைவன் செப்புத் திருமேனியாக அன்றிச் சுவரில் எழுதப்பெற்ற ஓவியமாகவே வழிபடப்பெறுகின்றான். முன்னது வழிபாட்டினால் புதுப்பிக்கப்படாது தேய்ந்துவரும் ஓவியம். பின்னது வழிபாட்டினால் வாழும் ஓவியம். ஆதலின் நிழற்படம் இவ்விரண்டிடத்தும் செய்யும் பணி ஒன்றன்று.

சொற்பொருளை முதற்கண் வரையறுத்தல் வேண்டும். வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் வெறும் பாறையின்மீது செங்காவியாலும் வெண்ணிறத்தாலும் தீட்டியவற்றையே பாறை ஓவியம் எனல் பொருந்தும். மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவில் 1957-இல் வாகண்கர் கண்டவை அத்தகையன. திருமலைபுரத்து ஓவியமோ, குடைந்த பாறையின்மேற் சுண்ணக்காரை பூசி அதன்மேல் எழுதப்பெற்றது. பாறை ஓவியத்தில் வண்ணம் கல்லோடு ஒட்டி நிற்கும். குடைவரை ஓவியத்தில் காரை உதிர்ந்தால் வண்ணமும் உடன் உதிரும். எனவே இங்கு இழப்பு விரைவிற் பெரிதாகும். நிழற்படம் நாளை ஒரே சான்றாய் எஞ்சக்கூடும் என்னும் அச்சமும் இங்கேதான் மிகுதி.

இனி, நிழற்படம் எவ்வாறு பாடமாகின்றது என்பதைக் காண்போம். கருவி தன் விருப்பின்படி எதனையும் மாற்றாது. ஏடெழுதுவோன் போல் மயங்கி எழுதாது. ஆகவே அதன் சான்று ஐயமற்றது என்பர் ஒரு சாரார். இக்கூற்று பாதியளவே உண்மை. கருவி மயங்காது, ஆயின், கருவியை வைப்பவர் தேர்வு செய்கின்றார். ஒளியைப் பக்கவாட்டிற் பாய்ச்சினால் காரையின் மேடுபள்ளமும் வெடிப்பும் புலப்படும். கோடும் நிறமும் மங்கும். ஒளியை நேரே பரவவிட்டால் நிறம் தெளியும். காரையின் சிதைவு மறையும். மஞ்சள் கலந்த விளக்கொளியிற் செங்காவி வேறு, பகலொளியில் வேறு. தாழ்ந்த விதானத்தைக் கீழிருந்து சாய்வாக எடுப்பின் வட்டத் தாமரை நீள்வட்டமாகும். ஆடும் உருவின் கால் குறுகும். இவற்றுள் எதனைச் செய்தனர் என்பதைப் படத்தின் கீழ் எழுதாதபோது, அப்படத்தைக் கொண்டு நிறத்தையோ உருவ அளவையோ பேசுதல் சான்றற்ற பேச்சேயாகும்.

இதனினும் கொடிது, படம் தெளிய வேண்டுமென ஓவியத்தையே தொடுதல். சகாராப் பாலையின் நடுவே, அல்சீரிய நாட்டுத் தஸ்ஸிலி மலைப்பகுதியில், பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய பாறை ஓவியங்கள் உள்ளன. 1956-இல் ஆன்றி லோட் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் தம் குழுவினருடன் அங்குச் சென்று நூற்றுக்கணக்கான ஓவியங்களுக்குப் படி எடுத்தார். அடுத்த ஆண்டு பாரிசில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றன. ஆனால் மங்கிய வண்ணம் விளங்குதற்பொருட்டு ஓவியங்களை நீரால் துடைத்து நனைத்தனர் என்பதும், அதனால் அவை ஊறுபட்டன என்பதும், படிகளுட் சில ஐயத்திற்குரியன என்பதும் பின்னர் வந்த ஆய்வாளர்களால் வன்மையாகக் கண்டிக்கப்பட்டன. மழையற்ற பாலை காத்துத் தந்ததை, மங்காத படம் வேண்டிய கை கெடுத்தது. பாலையிலேயே இவ்வாறெனின், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், ஆனி ஆடித் திங்களிற் சாரல் வீசும் குற்றாலத்து ஈரத்தில் எழுதப்பெற்ற சுவரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு படத்திற்காக ஒரு துளி நீரும் ஓவியத்தின்மேற் படலாகாது.

தொடாமலே தெளிவிக்கும் வழி இக்காலத்து உண்டு. ஜான் ஹார்மன் என்னும் அமெரிக்கர் 2005-இல் டி-ஸ்ட்ரெட்ச் என்னும் கணிப்பொறி முறையை வெளியிட்டார். செயற்கைக்கோட் படங்களை ஆராய்தற்குப் பயன்பட்ட ஒரு கணக்கு நெறியை அது பாறை ஓவியத்திற்கு ஏற்றது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு நிறங்களுக்கிடையே உள்ள மிக நுண்ணிய வேறுபாட்டை அது பெருக்கிக் காட்டும். மறைந்ததாகக் கருதிய செங்காவிக் கோடு பளிச்சென எழும். இது பெரும்பேறே, ஐயமில்லை. ஆயின், அங்ஙனம் எழும் சிவப்பும் நீலமும் ஓவியன் தீட்டியவை அல்ல, கணக்கு தந்தவை. கல்லில் இயல்பாய்க் கிடக்கும் இரும்புக் கறையையும் அது கோடெனக் காட்டக்கூடும். எனவே தெளிவித்த படத்தின் அருகே தெளிவிக்காத படத்தையும் அச்சிடாத கட்டுரை, உரையை மட்டும் பதிப்பித்து மூலத்தை மறைத்த நூலை ஒக்கும்.

கோட்டுருவப் படங்களைப் பற்றியும் இங்கே கூறல் வேண்டும். நிழற்படத்தின்மேல் தாளிட்டு வரையும்பொழுது, அறுபட்ட கோட்டை முடித்துவிட வேண்டும் என்னும் ஆவல் கைக்கு இயல்பாக எழும். கணத்தின் கை உதிர்ந்த இடத்தில் ஒரு கையை வரைந்துவிட்டால் படம் அழகு பெறும். அடுத்த ஆய்வாளர் அக்கையின் முத்திரையைப் பற்றிக் கட்டுரை எழுதுவார். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது, ஏட்டிற் சிதைந்து கிடந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டிச் சென்றார். அவர் எண்ணியிருப்பின் நிரப்புதல் அரிதன்று. நிரப்பாமையே அப்பதிப்பின் பெருமை. காரை உதிர்ந்த இடம் ஏட்டிற் செல்லரித்த இடத்தைப் போன்றது. அதனை வெற்றிடமாக விடுதலே நேர்மை.

படம் எவ்வளவு தெளிவாயினும் அது தானே பொருள் கூறாது என்பதற்குச் சித்தன்னவாயிலே சான்று. புதுக்கோட்டையை அடுத்த அக்குடைவரையின் ஓவியங்களைப் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தன என முன்னர் அறிஞர் கொண்டனர். தூணில் உள்ள அரச உருவும் அவ்வாறே பெயர் பெற்றது. பின்னர், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அவனிபசேகரன் என்னும் பாண்டியன் காலத்தில் அக்கோயிலைத் திருத்திய செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு ஆராயப்பட்டபோது, ஓவியங்கள் 9-ஆம் நூற்றாண்டைச் சார்வன என்னும் கருத்து வலுப்பெற்றது. படம் மாறவில்லை, பெயர் மாறிற்று. ஓவியத்திற்குச் சொல் துணையாதல் புதிதன்று. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்திற் காண்பார் இவ்வுருவம் யாது என வினவவும், அறிந்தார் விடை கூறவும் நிகழ்ந்ததைப் பரிபாடல் காட்டுகின்றது. எனவே கல்வெட்டும் இலக்கியமும் பயின்ற தமிழ்த்துறையினர் இவ்வாய்வில் விருந்தினரல்லர், உரிமையுடையோரே.

சித்திர சபைக்கு வருவோம். வழிபாட்டிலுள்ள ஓவியத்தைப் புதுப்பித்தல் அடியவர் கடன். அதனைப் பழிப்பது முறையன்று. எண்ணெய்ப் புகையும் ஈரமும் படிந்த உருவை மீண்டும் எழுதுதல், மங்கிய விளக்கைத் தூண்டுதல் போன்றதே. ஆயினும் புதுக்கோடு பழங்கோட்டை மூடும் என்பதும் உண்மை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியத்தின் அடியிற் சோழர் ஓவியம் இருத்தலைக் கண்டார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைப் பெயர்த்து வேறாகக் காத்தனர். அத்தகைய பெருமுயற்சி எல்லாவிடத்தும் இயலாது. ஆகவே புதுப்பிக்குமுன் எடுத்த நிழற்படமே பழம்படலத்திற்குக் கிடைக்கும் பிரதி. ஆண்டு குறிக்காத சித்திர சபைப் படம் எதுவாயினும், எந்தப் படலத்தின் படம் என்பது தெரியாமையால், ஆய்வுக்குப் பயன்படாது. மேலும், 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களிற் கைப்பேசியைத் தடுக்குமாறு ஆணையிட்டது. வழிபாட்டமைதி கருதிய அவ்வாணை தக்கதே. அதனால் உரிய இசைவு பெற்று எடுக்கப்படும் ஒவ்வொரு படத்தின் பொறுப்பும் முன்னினும் பெரிதாகின்றது.

மேற்கூறியவற்றால் யாம் வேண்டுவன சிலவே. ஓவியப் படம் வெளியிடும் கட்டுரை ஒவ்வொன்றும், படம் எடுத்த நாள், ஒளியின் வகையும் திசையும், கருவி நின்ற நிலை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். அளவுகோலும் வண்ண அட்டையும் ஓவியத்தைத் தொடாது அருகே வைத்துப் படம் எடுத்தல் வேண்டும். தெளிவித்த படம் மூலப்படத்தோடு சேர்ந்தே வெளிவரல் வேண்டும். கோட்டுருவத்திற் கண்ட கோடும் கருதிய கோடும் வேறுவேறாகத் தோன்றுதல் வேண்டும். ஒரே ஓவியத்திற்குப் பல காலத்துப் படங்கள் இருப்பின், அவற்றைப் பிரதிபேதம் போல ஒப்புநோக்கி வேறுபாடுகளைப் பட்டியலிடுதல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவினது அன்று. சுவடிகளைத் தேடித் தொகுத்த மரபு நமக்கு உண்டு. அம்மரபின் ஒழுக்கத்தைச் சுவரின்மேலும் செலுத்துதலே இங்கு வேண்டப்படுவது. திருமலைபுரத்து விதானத்தின் ஒரு தாமரை இவ்வாண்டு முழுதாயும் வரும் ஆண்டுகளிற் குறைந்தும் இருக்கக்கூடும். அக்குறைவை அளந்து கூறவல்ல படத்தை இன்றே எடுத்து, நாளிட்டு, துறையின் நூலகத்திற் சேர்த்தலே இப்பொருளில் தமிழாய்வாளர் முதற்கண் ஆற்றவேண்டிய பணி எனக் கருதுகின்றோம்.