கிடப்பில் கிடந்த பாடல்கள்

ரேடியோஹெட் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கிடார் குழுவாகத் தொடங்கினார்கள். 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' தொகுப்பில் உச்சம் தொட்டார்கள். 2000இல் 'கிட் ஏ'யில் கிடாரை ஓரங்கட்டிவிட்டு மின்னணு இசைக்குத் தாவினார்கள். 2007இல் விலையையே ரசிகர் கையில் விட்டு இசை வியாபாரத்தைக் கலக்கினார்கள். திரும்பிப் பார்க்காமல் பாய்ந்துகொண்டே இருந்த ஐந்து பேர் என்ற சித்திரம் இப்படித்தான் உருவானது. தகவலில் பிழை இல்லை. ஆனால் எந்தப் பாட்டு எப்போது பிறந்தது, எப்போது வெளிவந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் சித்திரம் மாறுகிறது. சில பாடல்கள் பத்து ஆண்டு, சில இருபது ஆண்டுக்கு மேல் கிடப்பில் இருந்திருக்கின்றன. முடிக்கத் தெரியவில்லை, தூக்கியெறியவும் மனம் வரவில்லை. இந்த இழுபறிதான் அவர்களுடைய நாற்பதாண்டுக் கதையை நடத்திச் சென்றது என்று எனக்குப் படுகிறது.

ஐவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டனில், கட்டணம் வாங்கும் ஆண்கள் பள்ளி ஒன்றில் படித்தவர்கள். பாடகர் தாம் யார்க், கிடாருக்கு எட் ஓ'பிரையன், பேஸ் கிடாருக்குக் காலின் கிரீன்வுட், டிரம்ஸுக்கு ஃபிலிப் செல்வே. கடைசியாக வந்து சேர்ந்தவர் காலினின் தம்பி ஜானி. மவுத் ஆர்கனோடு நுழைந்து, பிறகு கீபோர்டுக்கும் கிடாருக்கும் நகர்ந்தவர். பள்ளியின் இசையறையில் வெள்ளிக்கிழமைகளில் ஒத்திகை பார்த்ததால் 1985இல் குழுவுக்கு 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர் வைத்தார்கள்.

பள்ளிக்கூடக் குழுக்கள் கல்லூரி தொடங்கியதும் கலைந்துவிடும். இவர்களும் எக்ஸிடர், கேம்பிரிட்ஜ், மான்செஸ்டர், லிவர்பூல் என்று சிதறினார்கள். இருந்தும் விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் ஒத்திகை தொடர்ந்தது. 1991இல் ஈ.எம்.ஐ. நிறுவனம் ஆறு தொகுப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் பாட்டொன்றிலிருந்து புதுப்பெயர் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஆள் மாறவில்லை. பாடல்கள் பெரும்பாலும் யார்க்கிடம் தொடங்கினாலும் தொகுப்பின் மேல் ஐவரின் பொதுப்பெயர்தான் இருக்கும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தி ஸ்மித்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் மைக் ஜாய்ஸ் தன் பங்குக்காகச் சக கலைஞர்கள் மேல் வழக்குப் போட்டு 1996இல் வென்றதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும்.

'க்ரீப்' பாட்டின் கதை பலருக்கும் தெரியும். யார்க் அதை விளையாட்டாக 'நம்ம ஸ்காட் வாக்கர் பாட்டு' என்று சொல்ல, தயாரிப்பாளர்கள் ஷான் ஸ்லேடும் பால் கோல்டரியும் அதை வேறு யாரோ எழுதிய பாட்டு என்றே நினைத்துவிட்டார்கள். பாட்டு ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்ற எரிச்சலில், பல்லவிக்கு முன்னால் ஜானி கிடாரை ஓங்கி அடித்தார். கெடுப்பதற்காக அடித்த அந்த அடியே பாட்டின் முத்திரையாகிவிட்டது. 1992இல் வெளியானபோது இங்கிலாந்தில் எடுபடவில்லை. முதலில் இஸ்ரேலிலும் பிறகு கலிஃபோர்னியா வானொலிகளிலும் பிடித்துக்கொண்டது. மறுபடி வெளியிட்டபோது, 1993இல், பிரிட்டிஷ் பட்டியலில் ஏழாமிடம். அதன் பிறகு போகுமிடமெல்லாம் அந்த ஒரு பாட்டையே கேட்டார்கள். முதல் தொகுப்பான 'பாப்லோ ஹனி'யில் வேறு எதுவும் அந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையிலிருக்கும் பாட்டை எப்போது வெளியே விடுவது என்ற விஷயத்தில் அவர்கள் காட்டிய மிகை எச்சரிக்கை இந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கலாம்.

1995இல் வந்த 'த பெண்ட்ஸ்' நல்ல கிடார் தொகுப்பு. ஜான் லெக்கி தயாரித்தார். ஒலிப்பதிவுப் பொறியாளராக வந்த நைஜல் கோட்ரிச் அடுத்த தொகுப்பிலிருந்து குழுவின் ஆறாவது ஆளைப் போலவே ஆகிவிட்டார். அது ஓயாசிஸும் பிளரும் மோதிக்கொண்டிருந்த பிரிட்பாப் ஆண்டு. அந்தச் சண்டைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து 'ஓகே கம்ப்யூட்டர்'. டிட்காட் அருகே ஆப்பிள் கிடங்காக இருந்த கொட்டகை ஒன்றில் தொடங்கி, பாத் நகருக்கு அருகே நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமான பழைய மாளிகையில் பெரும்பகுதியைப் பதிவு செய்தார்கள். ஒரு பாட்டுக்கு யார்க்கை எதிரொலிக்காகக் கல் மாடிப்படியில் நிற்க வைத்துக் குரலைப் பதிந்தார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் 'பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்' முதல் சிங்கிளாக வந்து மூன்றாமிடம் பிடித்தது. தனிமை, வேகம், எந்திரம் என்று அந்தத் தொகுப்பைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அதில் சேராமல் போன பாடல்கள் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

1996இல் அலானிஸ் மோரிசெட்டின் அமெரிக்கப் பயணத்தில் முன்கச்சேரி வாசித்தபோது 'லிஃப்ட்' என்ற பாட்டுக்கு அரங்கம் எழுந்து ஆடியது. கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. அதைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் தங்கள் வாழ்க்கையே வேறு பக்கம் போயிருக்கும், அந்தப் பயத்தில் தெரியாமலேயே அதைக் கொன்றுவிட்டோம் என்ற தொனியில் பல ஆண்டுகள் கழித்து ஓ'பிரையன் பேசினார். இன்னொரு 'க்ரீப்' வேண்டாம் என்பதுதான் அதன் அடியிலிருந்த எண்ணமாக இருக்க வேண்டும். அதே காலத்தில் 'நியூட்' என்ற மெதுவான பாட்டையும் முயன்று பார்த்து, சரிவராமல் வைத்துவிட்டார்கள்.

தொகுப்பின் வெற்றி அவர்களை நைத்துப்போட்டது. கிராண்ட் ஜீ எடுத்த 'மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி' ஆவணப்படத்தில் பார்க்கலாம்: விமான நிலையம், பேட்டி, ஓட்டல், மறுபடி பேட்டி. யார்க்குக்குக் கிடாரை எடுத்தாலே எழுத வரவில்லை. வார்ப் நிறுவனத்தின் மின்னணு இசைத்தட்டுகளை வாங்கிக் குவித்துக் கேட்டார். பாரிஸ், கோபன்ஹேகன், கிளஸ்டர்ஷயர், கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் சொந்தமாகக் கட்டிய கூடம் என்று பதிவு இழுத்துக்கொண்டே போனது. கிடாருக்கு வேலையே இல்லாத பாட்டில் கிடார்காரர் என்ன செய்வது? டிரம் எந்திரம் ஓடும்போது செல்வே எங்கே உட்காருவது? வெளியிடத் தகுதியான தொகுப்பொன்றில் ஐவரும் ஒத்துப்போக முடியாவிட்டால் கலைந்துவிடலாம் என்று பேசி வைத்துக்கொள்ளும் அளவுக்கு நிலைமை போனது.

'கிட் ஏ'யின் புதுமைக்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் 'ஐடியோடெக்'. ஜானி சின்தசைசரில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் மனம்போனபடி வாசித்துப் பதிந்ததை யார்க்கிடம் கொடுத்தார். யார்க் அதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டை வெட்டியெடுத்து அதன்மேல் பாட்டைக் கட்டினார். அந்தத் துண்டுக்குள் இருந்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் லான்ஸ்கி 1973இல் கணினியில் உருவாக்கிய இசையின் ஒரு கீற்று. எதிர்காலத்தின் ஓசை என்று விமர்சகர்கள் கொண்டாடியது கால் நூற்றாண்டுப் பழைய ஒலி. அதே தொகுப்பின் கடைசிப் பாட்டு 'மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்' இன்னும் சுவாரசியமானது. 'க்ரீப்'புக்கும் முன்னால் யார்க் எழுதி வைத்திருந்தது அது. கிடாரைக் கழற்றிவிட்டு, மிதி ஆர்மோனியமும் யாழின் மீட்டல்களும் சேர்த்தபோது, அவர்களுடைய மிகப் பழைய பாட்டுகளில் ஒன்று மிகப் புதிய தொகுப்பின் முடிவாகப் பொருந்திவிட்டது.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு உண்டு. 2001 ஜூலை 7 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் சவுத் பார்க்கில் சொந்த ஊர்க் கச்சேரி. முடிவில் இந்தப் பாட்டைத் தொடங்கும்போது ஜானியின் கீபோர்டு மக்கர் செய்தது. வேறு வழியில்லாமல் அவர்கள் வாசித்தது 'க்ரீப்'.

சிங்கிள் கிடையாது, வழக்கமான வீடியோ கிடையாது. இருந்தும் 'கிட் ஏ' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. எல்லாரும் மயங்கிவிடவில்லை, நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய எதிர்ப்பு விமர்சனம் பெயர்பெற்றது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவனுக்கு இவ்வளவு புதிர் எதற்கு என்ற அவருடைய கேள்வியை நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன். அதே பதிவுகளின் மிச்சத்திலிருந்து 2001இல் வந்த 'அம்னீஷியாக்' தொகுப்பைக் கேட்டிருந்தால் அவருக்கு இன்னும் எரிச்சல் வந்திருக்கும். 'ஐ வில்' என்ற பாட்டு சரியாக வரவில்லை என்று பதிவைத் தலைகீழாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது. யார்க் தலைகீழ் மெட்டைக் கற்றுக்கொண்டு பாட, 'லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்' பிறந்தது. கைவிடப்பட்ட 'ஐ வில்' இரண்டு ஆண்டு கழித்து 'ஹெய்ல் டு த தீஃப்' தொகுப்பில் நேராகவே வந்து சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பெரும்பகுதியை இரண்டே வாரத்தில் பதிந்த அந்தத் தொகுப்பு கொஞ்சம் நீளம் அதிகம். அதோடு ஈ.எம்.ஐ. ஒப்பந்தத்தின் ஆறு தொகுப்புகளும் முடிந்தன.

2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' அவர்களுடைய இணையதளத்தில் வந்தது. விரும்பிய விலை கொடுக்கலாம், கொடுக்காமலும் இறக்கிக்கொள்ளலாம். பெட்டியில் வேண்டுமானால் 40 பவுண்டு. வணிகப் பத்திரிகைகள் புரட்சி என்று எழுதின. பன்னிரண்டு ஆண்டுகள் ஈ.எம்.ஐ. செலவில் பெயர் பரவியவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும், நேற்றுத் தொடங்கிய குழுவால் முடியுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இலவசமாகக் கொடுத்த கோப்பின் ஒலித்தரமும் சுமார்தான். சில மாதம் கழித்து அதே தொகுப்பு கடைகளுக்குக் குறுந்தகடாக வந்தபோதும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

விலை பற்றிய கூச்சலில் கவனிக்கப்படாமல் போனது மூன்றாவது பாட்டு: பத்தாண்டுகளுக்கு முன் ஒதுக்கி வைத்த 'நியூட்'. பழைய முயற்சிகளில் ஆர்கன் தூக்கிப்பிடித்திருந்த மெட்டுக்கு இப்போது காலின் புதிய பேஸ் வரி ஒன்றை அமைத்தார். பாட்டு அந்த வரியில் நடந்து வருகிறது. மேலே குரலுக்கு இடம் கிடைத்துவிட்டது. பத்தாண்டு தேவைப்பட்டது அந்தச் சில ஸ்வரங்களுக்காகத்தான். அமெரிக்காவில் 'க்ரீப்'புக்குப் பிறகு முதல் நாற்பதுக்குள் நுழைந்த அவர்களுடைய முதல் பாட்டும் அதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்திருப்பதற்கு வசதி வேண்டும். சொந்த ஒலிப்பதிவுக் கூடம், 'க்ரீப்' கொண்டுவந்த பணம், அதற்கும் முன்னால் நல்ல பள்ளியும் பல்கலைக்கழகமும் எல்லாம் இருந்ததால்தான் ஒரு பாட்டைப் பத்தாண்டு ஊறப்போட முடிந்தது. மான்செஸ்டரின் அரசுக் குடியிருப்பிலிருந்து வந்த ஓயாசிஸ் குழுவின் கேலகர் சகோதரர்கள் கையிலிருந்ததையெல்லாம் முதல் இரண்டு தொகுப்புகளிலும் சிங்கிள்களின் பின்பக்கங்களிலும் கொட்டித் தீர்த்ததில் வியப்பில்லை.

2011இல் வந்த 'த கிங் ஆஃப் லிம்ப்ஸ்' எட்டே பாட்டு. மேடைக்கு இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக கிளைவ் டீமர் வந்த பிறகுதான் அந்தத் தாளங்களுக்கு உயிர் வந்தது. 2012 ஜூனில் டொரண்டோவில் கச்சேரிக்குச் சற்று முன்பு மேடைக் கூரை சரிந்து அவர்களுடைய டிரம்ஸ் தொழில்நுட்பக் கலைஞர் இறந்துபோனார். அந்தச் சம்பவத்தின் பாதிப்பு வெகுகாலம் நீடித்தது.

2016 மே மாதம் வெளியான 'எ மூன் ஷேப்டு பூல்' கிடப்பிலிருந்தவற்றின் கணக்கைத் தீர்த்த தொகுப்பு. முதல் பாட்டு 'பர்ன் த விட்ச்' 'கிட் ஏ' காலத்திலேயே தொடங்கியது. லண்டன் கண்டெம்பரரி ஆர்க்கெஸ்ட்ராவின் தந்தி வாத்தியக் கலைஞர்கள் கிடார் பிளெக்ட்ரத்தால் தந்திகளைத் தட்டித் தட்டி வாசிக்க, அதற்கு ஒருவழியாக உருவம் கிடைத்தது. பதினொரு பாடல்களையும் அகரவரிசையில் அடுக்கியிருந்தார்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்தது 'ட்ரூ லவ் வெயிட்ஸ்'. 1995இல் யார்க் முதன்முதலாக மேடையில் பாடியது. ஒற்றைக் கிடாரைத் தட்டிக்கொண்டு பாடும் இளைஞனின் கெஞ்சல் அது; 2001இல் கச்சேரிப் பதிவாக வந்ததோடு சரி. கூடத்தில் எத்தனை முறை முயன்றும் பிடிபடவில்லை. 2016 வடிவத்தில் கிடார் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பியானோ ஒலிகள், களைத்துப்போன குரல். அதே மெட்டு, அதே சொற்கள். இளைஞனின் வேண்டுதலாக இருந்தது நடுவயதுக்காரரின் இழப்பாகிவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்ய முடியாது. அவர்களுடைய உச்சம் எது என்று கேட்டால் 'ஓகே கம்ப்யூட்டர்' என்று சொல்வதுதான் வழக்கம். நான் இந்த ஒரு பாட்டைச் சொல்வேன்.

அடுத்த ஆண்டு 'ஓகே கம்ப்யூட்டர்' மறுபதிப்போடு 'லிஃப்ட்'டையும் வெளியே விட்டார்கள். கேட்டவர்கள், இதற்கா இவ்வளவு பயந்தார்கள் என்று வியந்தார்கள். 2019இல் யார்க்கின் பழைய மினிடிஸ்க் பதிவுகள் திருடு போய்க் கசிந்தபோது, பல மணி நேரப் பதிவு முழுவதையும் குழுவே 18 பவுண்டுக்கு 18 நாள் விற்று, வருமானத்தை எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் சுற்றுச்சூழல் இயக்கத்துக்குக் கொடுத்தது. அரைகுறைகள் எத்தனை எத்தனை என்பதை அப்போதுதான் எல்லாரும் கேட்டார்கள்.

பாட்டில் இருந்த நிதானம் மேடைக்கு வெளியே தடுமாற்றமாகத் தெரிந்த இடமும் உண்டு. 2017இல் டெல் அவிவ் கச்சேரியை ரத்து செய்யும்படி டெஸ்மண்ட் டூட்டு, கென் லோச், ரோஜர் வாட்டர்ஸ் முதலியோர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. யார்க் மறுத்தார், கச்சேரி நடந்தது. காஸா போரின்போது, 2024 அக்டோபரில், மெல்பர்னில் அவருடைய தனிக் கச்சேரியில் ஒருவர் கூட்டத்திலிருந்து குரல் எழுப்ப, யார்க் கோபித்து மேடையை விட்டுப் போய்த் திரும்பி வந்தார். உலகத்தின் அதிகாரங்களைப் பற்றி இவ்வளவு பாடியவர்களிடம் ரசிகர்கள் தெளிவான பதிலை எதிர்பார்த்ததில் தவறில்லை.

தனித்தனி வேலைகளில் ஜானியுடையதுதான் பரந்தது. பால் தாமஸ் ஆண்டர்சனின் 'தேர் வில் பி பிளட்', 'ஃபாண்டம் திரெட்' படங்களுக்கு இசையமைத்தார். 2015இல் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் ஷை பென் த்சூர், ராஜஸ்தான் எக்ஸ்பிரஸ் கலைஞர்களோடு சேர்ந்து 'ஜுனூன்' பதிவு செய்தபோது கோட்ரிச்சும் கூட இருந்தார். ஆண்டர்சன் அதை ஆவணப்படமாக்கினார். அதில் ஜானி ஓரமாக உட்கார்ந்து, கேட்பதையே பெரும்பாலும் வேலையாக வைத்திருக்கிறார்.

பிறகு யார்க்கும் ஜானியும் டிரம்ஸ் கலைஞர் டாம் ஸ்கின்னரோடு 'தி ஸ்மைல்' குழுவைத் தொடங்கினார்கள். 2022இல் வந்த முதல் தொகுப்பில் 'ஸ்கர்ட்டிங் ஆன் த சர்ஃபஸ்' என்ற பாட்டு இருந்தது. ரேடியோஹெட் பத்தாண்டு முன்பு மேடையில் வாசித்துவிட்டு வைத்திருந்தது. கிடப்பில் இருந்தது இப்போது இன்னொரு குழுவின் பெயரில் முடிந்திருக்கிறது. 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் ஐவரும் ஏழு ஆண்டுக்குப் பிறகு மேடையேறினார்கள்: மாட்ரிட், பொலோனியா, லண்டன், கோபன்ஹேகன், பெர்லின், ஊருக்கு நான்கு இரவு. புதிய தொகுப்பு பற்றிய அறிவிப்பு எதுவும் அந்தப் பயணத்தோடு வரவில்லை.