செலவழுங்கல்: ஒரு மாதக் கணக்கேட்டை முன்வைத்து

தமிழ்க் காப்பிய மரபில் யோசியாமல் செய்த செலவுக்கு முதல் எடுத்துக்காட்டைத் தேடினால் அது ஓர் ஆணின் செலவாகவே கிடைக்கும். அரங்கேற்றம் முடிந்த மாதவியின் மாலையைக் கூனி ஒருத்தி, நகரத்து இளைஞர்கள் உலவும் தெருவில் விற்பவளைப் போல நிறுத்திக் காட்டுகிறாள். விலை 1008 கழஞ்சுப் பொன். கோவலன் வாங்குகிறான், அவளோடு மாதவி வீட்டுக்குப் போகிறான், தன் வீட்டை மறக்கிறான். விலை குறித்த சொல் எதையும் அவன் வாயில் இளங்கோ வைக்கவில்லை. பின்னால், முன்னோர் தேடிய பொருட்குவியல் முழுவதும் கரைந்த பிறகு, வெட்கமாக இருக்கிறது என்று கண்ணகியிடம் சொல்கிறான். அவள் சிலம்பைக் கொடுக்கிறாள். அதை முதலாக வைத்து மதுரையில் வாணிகம் செய்யலாம் என்பது அவன் திட்டம். முதல் அவளுடையது என்பதை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆணின் கைமீறிய செலவு ஊழாகி, காப்பியமாகிறது. பெண்ணின் கைமீறிய செலவு குணக்கேடாகி, வசையாகிறது. ‘ஊதாரி’ என்ற சொல் இருபாலுக்கும் பொது என்று அகராதி சொல்லலாம். ஆனால் பெண் பார்க்கும் வீட்டில் ‘பொண்ணு சிக்கனமா’ என்று கேட்கிற அளவுக்கு ‘பையன் சிக்கனமா’ என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு மாதம் வீண்செலவைக் குறைத்துப் பார்ப்பது இப்போது பரவலான பழக்கமாகி வருகிறது. பெண்கள் இதழ்கள் அறிவுரைக்கின்றன, தோழிகள் சேர்ந்து செய்கிறார்கள், என் மாணவிகளும் முயல்கிறார்கள். அந்த அறிவுரைகளை ஓர் இலக்கிய வகையாகக் கருதிப் படித்துப் பார்க்க விரும்பினேன். கூடவே கடந்த ஆடி மாதத்தில் நானும் ஒரு கணக்கேடு வைத்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு பிரதிகளையும் பற்றியது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சங்க இலக்கியத்தில் ‘செலவு’ என்றால் போதல். பணம் கையை விட்டுப் போவதை அந்தச் சொல் குறித்தது பின்னால்தான். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் கண்ணீர் கண்டு பயணத்தை நிறுத்துவதைச் செலவழுங்கல் என்பார்கள். தொல்காப்பியர் கற்பியலில் இதற்கு ஒரு நுட்பமான விளக்கம் தருகிறார். நின்றுவிடுவது போகாமலே இருப்பதற்கு அன்று. அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காக நிற்பது. நிறுத்தம் என்பது மறுப்பு அல்ல, யோசிப்பதற்கான இடைவெளி. பாலைத்திணையில் இந்த இடைவெளி தலைவனுக்கு மட்டுமே உண்டு. போவதா நிற்பதா என்று முடிவெடுப்பவன் அவன். பொருளும் செலவும் அவனுடைய வினைகள், காத்திருப்பது அவளுடையது.

திருக்குறளிலும் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. வருவாய் சிறிதானாலும் செலவு அதை மீறி அகலாவிட்டால் கேடில்லை என்ற கருத்து வலியறிதல் அதிகாரத்தில் வருகிறது. அது பொருட்பாலில், அரசியலில் உள்ளது. அங்கே அளவறிந்த செலவு ஆள்பவனின் வலிமை. வாழ்க்கைத் துணைநலத்தின் முதல் குறளில், கணவனின் வளத்துக்குத் தக்கபடி வாழ்வது மனைவியின் மாண்பு. அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான். அவனுக்கு அது தன் வலிமையை அறிதல், அவளுக்கு அது அவன் வளத்தை அறிதல். அவளுடைய சொந்த வளம் எவ்வளவு என்ற கேள்வி அந்தக் குறளுக்குள் எழுவதில்லை.

இன்றைய சிக்கன அறிவுரைகள் குறளை மேற்கோள் காட்டாவிட்டாலும் இந்த மரபின் பிள்ளைகள்தான். நான் படித்தவற்றில் வீண்செலவுக்குத் தரப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் புடவை, கம்மல், உதட்டுச்சாயம், வெளியில் குடிக்கும் காபி. வண்டிக்கு வாங்கிப் பூட்டும் அலங்காரங்களும், நண்பர்கள் கூடும் இரவுகளும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் கைபேசியும் அந்தப் பட்டியலில் அபூர்வம். ‘தேவை’, ‘ஆசை’ என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள் என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டளை. எது தேவை என்று தீர்மானிப்பது யார் என்பதை மட்டும் அவை கேட்பதில்லை.

இங்கே ஜப்பானிலிருந்து ஓர் ஒப்பீடு உதவும். அந்நாட்டின் முன்னோடிப் பெண் பத்திரிகையாளரான ஹானி மொதோகோ, 1904இல் வீட்டுக் கணக்கேடு ஒன்றை வடிவமைத்து வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் அதற்குக் ‘ககேபோ’ என்று பெயர். இன்று அந்தப் பெயரில் உலகெங்கும் விற்கும் ஏடுகள், செலவைத் தேவை, விருப்பம், பண்பாடு, எதிர்பாராதது என நான்காகப் பிரிக்கின்றன. புத்தகமும் இசையும் விருப்பத்திலிருந்து பிரிந்து தனிப் பத்தி பெறுகின்றன. நம் வீடுகளில் ஒரு பெண் கவிதைத் தொகுப்பு வாங்கினால் அது எந்தப் பத்தியில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். பத்திகளின் எண்ணிக்கையிலும் அரசியல் இருக்கிறது.

நான் ஆடியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வழக்கப்படி அது திருமணம் வைக்காத மாதம், ஆகவே பட்டும் நகையும் வாங்காத மாதம். விதைக்கும் மாதம் என்பதால் உழவர் கையில் காசு நில்லாது. வாங்காத மாதத்தில் தேங்கிய சரக்கைத் தள்ளுவதற்காக வந்த தள்ளுபடி, இன்று வாங்குவதற்கென்றே காத்திருக்கும் மாதமாக ஆடியை மாற்றிவிட்டது. பண்பாட்டுக்குள் இயல்பாக இருந்த ஒரு செலவழுங்கலை வணிகம் விழுங்கிய கதை இது.

விதி எளிது. மளிகை, மருந்து, பயணம் தவிர வேறு எதை வாங்கத் தோன்றினாலும் ஏட்டில் எழுதிவிட்டு மூன்று நாள் நிறுத்துவது. பத்திகள் நான்கு: என்ன பொருள், எந்த நேரம், யாருக்கு, அப்போது உடம்பு எப்படி இருந்தது. மாத முடிவில் 38 பதிவுகள் இருந்தன. அவற்றில் 22 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எழுதப்பட்டவை. உடம்புப் பத்தியில் அதிகம் வந்த சொல் ‘அசதி’. விடைத்தாள் திருத்தி, பாத்திரம் ஒழித்து, மறுநாள் இட்லிக்கு மாவைக் கரைத்து வைத்த பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில் கைபேசியில் பொருள்கள் ஓடுகின்றன. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதை ஆசை என்று மட்டும் பெயரிட்டால் பிரதியைப் பாதிதான் படித்ததாகும். நேரம் இல்லாதவள் தனக்கான நேரத்துக்குப் பதிலாகப் பொருளைக் கூடையில் போடுகிறாள்.

யாருக்கு என்ற பத்தி இன்னும் வெளிப்படையாகப் பேசியது. 38இல் எனக்கானவை 11. மற்றவை பிள்ளையின் பள்ளிப்பை, மாமியாருக்கு வெந்நீர்ப்பை, வீட்டுக்குத் திரைச்சீலை என்று போயின. மூன்று நாள் கழிந்ததும் 23 பொருள்கள் தாமாகவே உதிர்ந்தன. மிஞ்சிய 15இல் எனக்கானவை நான்கு: இரண்டு புத்தகங்கள், ஒரு செருப்பு, ஒரு மேசை விளக்கு. வேலைக்குப் போகும் பெண்ணின் ‘கண்டபடிச் செலவு’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி குடும்பப் பராமரிப்பின் நீட்சி. சம்பளம் அவள் பெயரில் வந்தாலும், அதன் போக்கு வேறெங்கோ தீர்மானமாகியிருக்கிறது.

இதைச் சொல்வதால் சந்தையை மன்னித்துவிட முடியாது. கடைசி இரண்டுதான் மீதி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரைக் கூச வைக்கும் சொற்களால் மறிப்பது முதலிய 13 வகை ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நெறிமுறைகளை வெளியிட்டது. வலை விரித்தவரைப் பற்றி அரசே எழுத வேண்டிய நிலை வந்த பிறகும், சிக்கிய மீனின் மனவலிமை குறித்தே அறிவுரை எழுதப்படுகிறது. மறுபுறம், மார்ச் 8 வந்தால் நம்முடைய சொற்களையே எடுத்து நம்மிடம் விற்கிறார்கள். உன்னை நேசி என்பது ஒரு களிம்பின் விளம்பரமாகிறது. அடங்கியிரு என்ற குரலுக்கும் வாங்கிக்கொள் என்ற குரலுக்கும் நடுவில் நிற்பவளுக்கு, இரண்டையும் நிறுத்தி வைக்கும் மூன்று நாள் பயனுள்ளது. இந்த அளவில் நான் அந்த ஒரு மாதப் பழக்கத்தின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் சிக்கனம் தானாகவே பெண்ணுக்கு அதிகாரம் தரும் என்பதை ஏற்க முடியவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப்பானையிலும் புடவை மடிப்பிலும் இருந்த சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது. பல ஆண்டுகள் வாயைக் கட்டிச் சேர்த்தவர்கள் அதைக் கணவன் முன்போ மகன் முன்போ எடுத்து வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு சேர்த்திருக்கிறாயே என்ற வியப்புக்குப் பின்னாலேயே, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற விசாரணையும் வந்தது. செலவழித்தால் ஊதாரி, சேர்த்தால் கள்ளி. இரண்டுக்கும் கணக்குக் கேட்கும் வாய் ஒன்றுதான்.

2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்றில்லாமல் ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. சொல்லைப் படிப்பது என் தொழில் என்பதால் அந்தப் பெயர் எனக்கு முக்கியம். உரிமை என்றால் எதற்குச் செலவிட்டாய் என்ற கேள்வி கூடாது. ஆனாலும் அந்த ஆயிரத்தை என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி ஓயவில்லை. ஓர் ஆணின் மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று ஊர் கூடி விவாதித்து நான் கேட்டதில்லை.

ஆகவே இந்த வகை அறிவுரைகளில் குறைவது ஒன்று. அவை செலவைக் குறைக்கச் சொல்லித் தருகின்றன. செலவின் மீதான தீர்ப்பு யாருடையது என்பதைத் தொடுவதில்லை. ஒரு மாதம் நிறுத்திப் பார்க்க விரும்பும் மாணவிகளுக்கு நான் சொல்வது இவ்வளவே. ஏடு உங்களுடையதாக இருக்கட்டும், பூட்டி வையுங்கள். ‘தேவை’, ‘ஆசை’ என்ற பத்திகளை அடித்துவிட்டு ‘யாருக்கு’, ‘யார் முடிவு’ என்று எழுதுங்கள். மிஞ்சிய பணம் வீட்டின் பொதுக் குழியில் விழாமல் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் நிற்கிறதா என்று பாருங்கள். விழுந்துவிட்டால் அந்த மாதம் இன்னொருவருக்கான நோன்புதான். நிறுத்திய பிறகும் வேண்டும் என்று தோன்றுவதை, யாரிடமும் காரணம் சொல்லாமல் வாங்குங்கள். தலைவனுக்கு மட்டும் இருந்த அந்த இடைவெளியில், போவதா நிற்பதா என்று இப்போது நீங்கள் யோசிக்கலாம்.